இடது கை ரத்தம்

ஏகாம்பரத்தின் ரத்தத்தில் ஒரு புரதம் அளவுக்கு மேல் ஏறிக் கிடக்கிறது, இப்படியே விட்டால் நெஞ்சடைப்பு வந்தாலும் வரும் என்று டாக்டரம்மா சொன்னபோது, ஏகாம்பரம் கொஞ்சமும் பயப்படவில்லை. அது அவன் ரத்தம் இல்லை.

"சி.ஆர்.பி.ன்னு பேரு," என்ற டாக்டரம்மா ரிப்போர்ட்டில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "ரத்தக் குழாய்க்குள்ள புண்ணு மாதிரி ஆச்சுன்னா இது ஏறும். உடம்புல வேற எங்கயாவது வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தாலும் ஏறும். கேம்ப் நடந்த அன்னிக்கு அப்படி ஏதாவது இருந்துதா?"

ஏகாம்பரம் யோசித்துப் பார்த்தான். தனக்கும் இல்லை. ரத்தம் கொடுத்தவனுக்கும் இல்லை.

"ஒண்ணும் இல்ல மேடம். கல்லு மாதிரி இருந்தான்."

"யாரு?"

"நான்தான் மேடம். கல்லு மாதிரி இருந்தேன்."

"அப்போ நெஞ்சைத்தான் சந்தேகப்படணும். ஹீமோகுளோபின் வேற கம்மி. ஆம்பளைக்கு இவ்ளோ கம்மியா இருக்கக் கூடாது. ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?"

"தின்னுகினேதான் மேடம் கீறான். கீறேன்."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். "பதற வேணாம். ரெண்டு வாரம் கழிச்சு முகப்பேர் லேப்ல மறுபடி ரத்தம் குடுங்க. அதுலயும் இப்படியே இருந்தா பெரிய டாக்டர்கிட்ட அனுப்பறேன். அதுவரைக்கும் உப்பு, எண்ணெய் குறைங்க. பாரம் தூக்காதீங்க. மனசுக்கு அதிர்ச்சி மட்டும் ஆகவே கூடாது."

ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். கம்பெனி வேப்பமரத்தடியில் நின்று பீடியைப் பற்ற வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தனக்கு ஒன்றும் இல்லை, சரி. பஷீருதீனுக்கு?

நடந்தது இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர்கள் இருவரும் தகடு அடிக்கும் பக்கத்துப் பக்கத்து பிரஸ் மிஷினில் நிற்பவர்கள். மிஷின்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்கு பஸ் லேட்டானால் இன்னொருவன் அவன் வருகை அட்டையையும் சேர்த்துத் தட்டுவான். ஒருவன் சாவுக்குப் போனால் இன்னொருவன் அவன் தகட்டையும் அடித்து வைப்பான். கேட்டால் உதவி என்பார்கள். ஆபீசில் கேட்டால் மோசடி என்பார்கள். போன வருஷம் அட்டை தட்டி மாட்டிய இருவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நிரந்தரத் தொழிலாளர்கள் எல்லோரும் மெடிக்கல் கேம்ப்பில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியபோது ஏகாம்பரத்துக்குக் கை கால் ஓடவில்லை. எத்தனையோ டன் இறங்குகிற மிஷினுக்கு முன்னால் ஆடாமல் நிற்பவன், ஊசியைக் கண்டால் உட்கார்ந்துவிடுவான்.

"இதுக்குப் போயி," என்றான் பஷீருதீன். "நீ மிஷின பாத்துக்கோ மச்சான். உன் ரத்தத்தயும் நானே குடுத்துட்டு வந்துடறேன். எனக்கு ரெண்டு கை கீது."

போனவன் இரண்டு முழங்கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தான். "வலது கை எனுது. இடது கை உனுது. முடிஞ்சிபோச்சி. டீ சொல்லு."

நேற்று பஷீருதீனுடைய ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். இன்று ஏகாம்பரத்துடையது வந்திருக்கிறது.

ஒரே ஆளின் ரத்தம். வலது கையில் நன்றாக இருக்கிறது, இடது கையில் கெட்டிருக்கிறது. பீடி முடிவதற்குள் ஏகாம்பரத்துக்கு விளங்கிவிட்டது. நெஞ்சு எந்தப் பக்கம் இருக்கிறது? இடது பக்கம். அப்போது உண்மையைச் சொன்னது எந்தக் கை?

அவனுக்கு வியர்த்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு எட்டு வைத்தான். அதிர்ச்சி மட்டும் ஆகவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டான். பஷீருதீன் சும்மாவே பயந்தவன். பூந்தமல்லியில் பக்கத்து வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை என்று கேட்டுவிட்டு, மூன்று நாள் கண்ணாடியில் தன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன். டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். இரண்டு வாரம் அவனுக்குத் தெரியாமலே அவனைக் காப்பாற்றிவிட வேண்டும். வேறு வழி இல்லை.

வீட்டில் நாகம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவள். யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் ரத்தம் கொடுத்தது தான் இல்லை என்று எப்படிச் சொல்வது? கேம்ப் அன்று ராத்திரி, "ஊசி குத்தனப்போ எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துது" என்று அவளிடம் பெருமை அடித்திருந்தான். அப்போது நாகம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைவாய்ப் பல் வலியில் கிடந்தாள், பாவம். அதற்கப்புறம் அம்பத்தூர் ஓ.டி.யில் பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அவள் வாயைத் திறந்து திட்ட முடியாமல் இருந்த அந்த ஒரு வாரத்தை நினைத்தால் ஏகாம்பரத்துக்கு அந்தப் பல்லின் மேல் இன்னும் மரியாதை உண்டு.

"என் ரிப்போர்ட்டு வந்துச்சி," என்றான். "ரத்தத்துல ஏதோ ஏறிக்கீதாம். நெஞ்சடைப்பு வந்தாலும் வருமாம். நீ ஒண்ணும் பயப்படாத."

நாகம்மா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"யார் ரிப்போர்ட்டு?"

"எனுதுதான்."

"கேம்ப்புல குடுத்ததா?"

"அதான்."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "பொண்ணு கனிமொழிக்கு இன்னும் ஒரு வழி பண்லியேய்யா," என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து தனக்காக அவள் இப்படி உடைந்து ஏகாம்பரம் பார்த்ததில்லை. பொய் சொல்லி ஒருத்தியை அழ வைத்துவிட்டோமே என்று ஒரு பக்கம் சுட்டது. இவ்வளவு பாசமா என்று இன்னொரு பக்கம் குளிர்ந்தது.

மறுநாளே வீட்டில் சட்டம் மாறிவிட்டது. கருவாடு கிடையாது. அப்பளம் கிடையாது. குழம்பில் எண்ணெயைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

"எனக்கு சரி, நீ இன்னாத்துக்கு இத்தையே தின்ற?"

"ஒரே ஊடு, ஒரே சட்டி. உனக்குத் தனியா, எனக்குத் தனியா வைக்க எனக்கு ரெண்டு அடுப்பா கீது? தின்னு."

காலையில் அவனை எழுப்பி கள்ளிக்குப்பம் தெருவெல்லாம் நடக்க வைத்தாள். தானும் கூடவே வேகமாக நடந்தாள். தண்ணி லாரி வந்தால் மாடிக்குக் குடம் தூக்குவதை மட்டும் அவன் தலையில் கட்டிவிட்டாள். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்குத்தானே என்று கேட்க வாய்வரை வந்தது. தனக்கு ஒன்றும் இல்லை என்று தனக்கே தெரியும் என்பதால் தூக்கினான்.

"யோவ்," என்றாள் ஒருநாள் நடந்துகொண்டே. "நெஞ்சடைப்பு வர்றவங்களுக்கு மொதல்ல எங்கய்யா வலிக்கும்? தோளா, முதுகா?"

"எனக்கு எங்கயும் வலிக்கல."

"உன்னையா கேட்டேன்? பொதுவா கேட்டேன்."

கம்பெனியில் ஏகாம்பரத்துக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. பஷீருதீன் வீட்டுச் சாப்பாடு சாதாரணச் சாப்பாடு இல்லை. அவன் மனைவி வஹீதுன்னிசா பாயா வைத்துக் கொடுத்தனுப்பினால் டப்பாவைத் திறக்கும்போதே மேலே கட்டிய கொழுப்பு தெரியும்.

"பாய், டப்பா மாத்திக்கலாமா?"

"உன் டப்பால இன்னா கீது?"

"அவிச்ச பீர்க்கங்காய். உப்பு போடாதது."

"நான் உனக்கு இன்னா மச்சான் பாவம் பண்ணேன்?"

ஏகாம்பரம் டப்பாவைப் பிடுங்கி நண்பனுக்கு வர வேண்டிய கொழுப்பையெல்லாம் தன் வயிற்றில் போட்டுக்கொண்டான். தியாகத்தில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தினமும் மாற்றினான். நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், துடைப்பத்தோடு நாகம்மா வந்து நின்றாள்.

"ஊட்ல நான் உப்பில்லாம வாய் செத்துக் கிடக்கறேன். நீ இங்க எலும்பு உறிஞ்சிகினு கீறியா?" என்றாள். பல் போன பிறகு அவள் குரல் பழைய பலத்துக்கு வந்திருந்தது. ஷெட்டே திரும்பிப் பார்த்தது. "நெஞ்சு நோய்க்காரன் திங்கிற சோறாய்யா இது?"

பஷீருதீன்தான் பதறி எழுந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். "தங்கச்சி, உக்காரு மொதல்ல. நீ டென்ஷன் ஆவாத. தண்ணி குடி."

"நான் இன்னாத்துக்கு அண்ணே உக்காரணும்?" என்று நாகம்மா அவனை ஒரு முறை முறைத்தாள். அவன் பாட்டில் தண்ணீரைத் தானே குடித்துவிட்டான்.

அவள் போனதும் அவன் ஏகாம்பரத்தின் காதருகே வந்தான். "மச்சான், ஊட்ல தண்ணி யாரு தூக்கறது?"

"நான்தான். இப்போல்லாம்."

"நல்லது. அப்படியே துணியும் நீயே தொவை. தங்கச்சிய கோவப்பட வைக்காத."

இந்த நிலைமையிலும் அடுத்தவன் பெண்டாட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறானே என்று ஏகாம்பரம் உருகிப்போனான். இவனைச் சாகவிடக் கூடாது.

அடுத்தது மிஷின். பிரஸ்ஸில் தகட்டை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு பொத்தானை இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதாவது, ஒவ்வொரு தகட்டுக்கும் பஷீருதீன் தன் இடது கையால் ஓங்கி அழுத்திக்கொண்டிருக்கிறான்.

ஏகாம்பரம் தன் மிஷினை நிறுத்திவிட்டு அவன் இடது பக்கம் போய் நின்றான்.

"இன்னா?"

"இடது பொத்தான நான் அழுத்தறேன். நீ வலத மட்டும் பாரு."

"ஏன்?"

"சும்மா. ஒரு ஆசை."

"பொண்டாட்டி உப்பில்லாம போட்டு உனக்கு மூளை கழண்டுபோச்சி," என்றான் பஷீருதீன். ஆனால் தள்ளிவிடவில்லை. இரண்டு பேரும் 'ம்' சொல்லி அழுத்தினார்கள். ஒருவன் 'ம்' முந்தினால் மிஷின் இறங்காது. பிந்தினாலும் இறங்காது. இறங்கியபோது தகடு நகர்ந்திருக்கும். சாயங்காலத்துக்குள் கழிவுக் கூடை நிரம்பி வழிந்தது.

சூப்பர்வைசர் வெங்கட் வந்தார். சேலத்திலிருந்து வந்து முகப்பேர் ஃபிளாட்டில் குடியிருக்கும் இளைஞர். திட்டினால்கூட மரியாதையாகத் திட்டுவார்.

"என்னண்ணே இது? ஒரு மிஷின்ல ரெண்டு பேர். ஒருத்தர் துருத்தி அழுத்தி ஒருத்தர் வாசிக்க இது என்ன ஆர்மோனியமா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெங்கட்டின் முகம் இளகியது. "உங்க ரிப்போர்ட் விஷயம் எனக்கும் தெரியும் ஏகாம்பரம் அண்ணே. சொல்லத் தயங்கறீங்க. நாளையிலிருந்து நீங்க பேக்கிங்ல ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. உங்க மிஷினையும் பஷீர் அண்ணனே சேர்த்துப் பார்த்துக்குவார்."

"ஐயோ சார், அவன வுடுங்க. அவன ஃபேனுக்குக் கீழ போடுங்க. நான் ரெண்டு மிஷினயும் பாக்கறேன்."

"அவருக்குத்தான் எல்லாம் நார்மலாச்சே. எனக்கே வாட்ஸப்ல அனுப்பினாரே."

அடுத்த ஒரு வாரம் ஏகாம்பரம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அட்டைப் பெட்டியை ஒட்டினான். எதிரே அவன் நண்பன் இரண்டு மிஷினுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை அச்சு இறங்கும்போதும் ஏகாம்பரத்துக்குத் தன் நெஞ்சிலேயே இறங்கியது. தான் கை வைத்த ஒவ்வொன்றும் அவனைச் சாவுக்குக் கிட்டே தள்ளியிருக்கிறது. நோய்க்காரன் ஓடுகிறான், நோய் இல்லாதவன் காற்று வாங்குகிறான்.

இரண்டு வாரம் முடிந்தது. ஏகாம்பரம் பஷீருதீனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"பாய், நாளைக்கு முகப்பேர்ல மறுபடி ரத்தம் குடுக்கணும். நீதான் வரணும். இடது கை."

பஷீருதீன் டீயைக் கீழே வைத்தான். "இந்தத் தபா நீயே குட்றா மச்சான்."

"எனக்குக் குடுக்கத் தெரிஞ்சா உன்ன ஏன் கூப்டறேன்? நான் குடுத்தா பிரயோஜனம் இல்ல. அந்த ரத்தமேதான் மறுபடி போவணும். அப்பதான் தெரியும்."

"அந்த ரத்தமேதான் போவணும்," என்று பஷீருதீன் மெல்லத் தலையாட்டினான். "அது கரெக்டு. அப்போ தங்கச்சியயும் இட்டுகினு வா."

"அவ இன்னாத்துக்கு?"

"ஒரு தெகிரியத்துக்கு."

நாகம்மாவைக் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. விடிந்ததும் தலை வாரி, நல்ல புடவை கட்டி, ஒன்றும் சாப்பிடாமல் வாசலில் நின்றாள்.

"சாப்புடாம குடுக்கணும்னு சொன்னது எனக்குடி. நீ ஏன் பட்டினி?"

"புருஷன் பட்டினி கெடக்கறப்போ எனக்கு எறங்குமா?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவன் சாப்பிடுவதற்கு முன்னால் அவள் சாப்பிட்டதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தோன்றியது.

லேப்பில் கூட்டம் இருந்தது. ஊசி குத்தும் அறைக்குள் கேம்ப்புக்கு வந்த அதே பெண்தான் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டில் ஆக்னஸ் என்று பெயர் குத்தியிருந்தது. அவளைப் பார்த்ததும் பஷீருதீன் பாக்கெட்டிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு ஒரு மூஞ்ச பாத்துதுன்னா மறக்காது. கேம்ப்புல பேர் சொல்லித்தான் எல்லாரயும் கூப்ட்டுது," என்றான் மாஸ்க்குக்குள்ளிருந்து.

பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஏகாம்பரம். ஒரு பக்கம் நாகம்மா வாய்க்குள் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் பஷீருதீனின் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்த ஏகாம்பரத்துக்கு இதற்கு மேல் தாங்கவில்லை.

"பாய்," என்றான். "நான் ஒண்ணு சொல்றேன். நீ நெஞ்ச கெட்டியா புடிச்சிக்கோ. இந்த ரெண்டு வாரமா நான் உன் டப்பாவ புடுங்கித் தின்னதும், உன் பக்கத்துல வந்து நின்னதும் எதுக்குத் தெரியுமா? அந்த ரிப்போர்ட்டுல கீற ரத்தம் எனுது இல்ல. உனுது. உன் இடது கை ரத்தம். கெட்டுப்போனது உன் நெஞ்சு பாய்."

பஷீருதீனின் கால் நின்றது. அவன் மாஸ்க்கைக் கீழே இறக்கினான். ஏகாம்பரத்தைத் தாண்டி நாகம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். நாகம்மா இருமினாள். வாயை மூடிக்கொண்டான்.

"வேலை போனா போவுது," என்றான் ஏகாம்பரம். அவன் குரல் உடைந்தது. "நான் இப்போ உள்ள போயி உண்மைய சொல்லப் போறேன். உன் பேர்லயே ஒயுங்கா பாத்து மருந்து வாங்கலாம். ரெண்டு பேரும் சேந்து குத்தம்பாக்கம் பக்கம் டீக்கடை போட்டாவது பொழச்சிக்கலாம். நீ உசுரோட இருந்தா போதும் மாமே."

நாகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஊசி குத்திக்கொண்டதாகத் தான் அளந்த பொய் உடைந்ததற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. மெல்ல அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"ஏகாம்பரம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். ஏகாம்பரம் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி கை கூப்பினான்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சி. அன்னிக்கு ஏகாம்பரம்னு கை நீட்டினது..."

ஆக்னஸ் அவனைக் கவனிக்கவே இல்லை. அவனுக்கும் பஷீருதீனுக்கும் பின்னால் எட்டிப் பார்த்தாள். தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்தாள்.

"வாங்க ஏகாம்பரம் அக்கா," என்றாள். "பல்லு வீக்கம் வடிஞ்சிடுச்சா?"